ஐ ஆம் எ சயின்டிஸ்ட் (மாணவர் வாக்களிக்கும் போட்டி)

‘ஐ ஆம் எ சயின்டிஸ்ட், கெட் மீ அவுட் ஆஃப் ஹியர்!’ என்பது பிரிட்டனில் பள்ளி மாணவர்கள் விஞ்ஞானிகளிடம் கேள்வி கேட்டு, வாக்களித்து, ஒருவரை வெற்றியாளராகத் தேர்ந்தெடுக்கும் இணையவழிப் போட்டி. ‘நான் விஞ்ஞானி, என்னை இங்கிருந்து வெளியே விடுங்கள்’ என்பது பெயரின் பொருள். பிரபலங்களை ஆஸ்திரேலியக் காட்டில் தங்கவைத்து நேயர் வாக்கால் ஒவ்வொருவராக வெளியேற்றும் நிகழ்ச்சியை ஐடிவி தொலைக்காட்சி 2002-இல் தொடங்கியது. அதன் பெயரைத் தழுவியதே இது. போட்டியை நடத்தும் காலோமேனர் நிறுவனம், உள்ளாட்சி உறுப்பினர்களை இளைஞர்கள் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி ஒன்றை அதற்கு முன்பே நடத்தியிருந்தது. விஞ்ஞானிகளை வைத்து 2008-இல் முன்னோட்டம் பார்க்கப்பட்டது. 2010 முதல் வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் நிதியுதவியுடன் போட்டி விரிவடைந்தது.

தொடக்க ஆண்டுகளில் போட்டி இரண்டு வாரம் நீடித்தது. ஒரு பிரிவுக்கு ஐந்து விஞ்ஞானிகள். சில பிரிவுகள் மூளை, விண்வெளி போன்ற ஒரு துறையைச் சார்ந்தவை. மற்றவற்றில் பல துறையினரும் கலந்திருப்பர். மாணவர்கள் புனைபெயரில் நுழைந்து கேள்விகளை எழுதிப்போடலாம். இதைத் தவிர, ஒரு வகுப்பு மொத்தமும் விஞ்ஞானிகளோடு அரைமணி நேரம் தட்டச்சில் உரையாடும் நேரடி அரட்டையும் உண்டு. இரண்டாம் வாரத்தில் குறைந்த வாக்கு பெற்றவர் நாளுக்கு ஒருவராக வெளியேறுவார். கடைசிவரை நிற்பவருக்குப் பரிசு 500 பவுண்டு. அதைச் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் பணிக்கே செலவிட வேண்டும்.

வாக்குக் கேட்கும் விதத்தில்தான் இப்போட்டியின் தனித்தன்மை இருக்கிறது. முனைவர் பட்டமும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் செல்லுபடியாவதில்லை. மேடையும் இல்லை, படக்காட்சியும் இல்லை. விஞ்ஞானி தன் அறிமுகப் பக்கத்தில் என்ன ஆராய்கிறார், அன்றாடம் எப்படிப் போகிறது, பரிசுப் பணத்தை என்ன செய்வார் என்று எழுதிவைப்பார். அதன் பிறகு பதில் சொல்வது ஒன்றே அவருடைய பிரசாரம். கருந்துளைக்குள் விழுந்தால் என்ன ஆகும், உங்கள் சம்பளம் எவ்வளவு, எலிகளைச் சோதனையில் கொல்வது சரியா, கடவுளை நம்புகிறீர்களா என்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். பாடநூல் நடையில் நீட்டி எழுதிக்கொண்டிருந்தால் அரட்டை அதற்குள் பத்துக் கேள்வி தாண்டிப் போயிருக்கும். ‘இது எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதி, சொன்னபடியே மறுநாள் பதிலோடு வருபவரைப் பிள்ளைகள் நம்புவார்கள்.

இது வெறும் ஜனரஞ்சகப் போட்டி, நகைச்சுவையாகப் பேசத் தெரிந்தவர் ஜெயிப்பார் என்ற ஆட்சேபம் எழக்கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வாக்குரிமையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இன்னொரு பள்ளிச் சொற்பொழிவுதான். பெரியவர் ஒருவரை எடைபோடும் உரிமை கையில் இருக்கும்போது, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையும் கேட்கத் துணியும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009-இல் தொடங்கிய ‘ஆஸ்பயர்ஸ்’ ஆய்வு, 10 முதல் 14 வயதுள்ளோரில் பெரும்பாலோருக்கு அறிவியல் பிடித்திருந்தும் சுமார் 15 விழுக்காட்டினர் மட்டுமே விஞ்ஞானியாக விரும்புவதாகக் கண்டது. விஞ்ஞானியாக விரும்புவதற்குத் தடை பாடத்தில் இல்லை. ‘அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை’ என்ற எண்ணத்தில் இருக்கிறது. வசதி வாய்ப்புக் குறைந்த பள்ளிகளுக்குப் போட்டியில் முன்னுரிமை தரப்படுவது இதனால்தான்.

2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ‘ஸ்டே அட் ஹோம்’ (வீட்டிலேயே இருங்கள்) என்று பெயரை மாற்றிக்கொண்டு, வீட்டிலிருந்த பிள்ளைகளையும் போட்டி சென்றடைந்தது. பொறியாளர்களுக்கெனத் தனிப் போட்டியும் நடந்துள்ளது. அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் இவ்வடிவம் நடந்துள்ளது. கென்யாவில் கிலிஃபி என்ற கடலோர ஊரின் மருத்துவ ஆய்வு மையம் இதை நடத்தியது. அங்கே பிள்ளைகள் கேள்வி கேட்டது தங்கள் நாட்டிலேயே பணிபுரியும் ஆய்வாளர்களிடம்.

அமெரிக்காவில் நடிகர் ஆலன் ஆல்டா 2012-இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துடன் தொடங்கிய ‘ஃபிளேம் சேலஞ்ச்’ (சுடர் சவால்) இப்போட்டிக்கு நெருங்கிய உறவு. பதினொரு வயதில் அவர் ‘சுடர் என்றால் என்ன?’ என்று ஆசிரியரிடம் கேட்டார். ‘ஆக்சிஜனேற்றம்’ என்ற ஒற்றைச் சொல் பதிலாகக் கிடைத்தது. அந்தக் கேள்வியையே முதல் போட்டியில் விஞ்ஞானிகள்முன் வைத்தார். விடைகளுக்குத் தீர்ப்பளித்தவர்கள் பதினொரு வயதுப் பிள்ளைகள். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் குவாண்டம் ஒளியியல் பயின்ற பென் ஏம்ஸ் என்ற ஆய்வு மாணவரின் அசைபடத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தனர்.