பழைய மலை மிதிவண்டிகளில் பிரேக் மேம்பாடு

பழைய மலை மிதிவண்டிகளில் பிரேக் மேம்பாடு என்பது 1980களிலும் 1990களிலும் வந்த மலை மிதிவண்டிகளின் பிரேக்கைச் சீராக்குவதையோ, அதைக் கழற்றிவிட்டுத் திறன் கூடிய வேறு வகையைப் பொருத்துவதையோ குறிக்கும். எந்த வகை பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் பற்றவைக்கப்பட்டுள்ள பொருத்துமுனைகளே முடிவு செய்கின்றன.

வரலாறு

கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 1976 அக்டோபரில் தொடங்கிய மலையிறக்கப் பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அன்றைய வண்டிகளின் பின் ஹப்புக்குள் இருந்தது. சுமார் 400 மீட்டர் இறங்கி முடிப்பதற்குள் சூட்டில் அதன் கிரீஸ் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்றால் மறுபடி அடைத்தல்; பந்தயத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். 1980களில் ரிம்மைப் பிடிக்கும் கேண்டிலீவர் பிரேக் பரவலானது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சில வண்டிகளின் பின்சக்கரத்தில், ரிம்மைப் பிடிக்கும் இன்னொரு வகையான யு-பிரேக் இடம்பெற்றது. 1996ஐ ஒட்டி ஷிமானோ நிறுவனம் வி-பிரேக்கை அறிமுகப்படுத்தியது. 1990களின் இறுதியில் டிஸ்க் பிரேக்குக்கான பொருத்துமுனைகளுடன் ஃபிரேம்கள் வரத் தொடங்கின.

இருப்பதைச் சீராக்கல்

பிடிமானம் குறைவதற்குப் பெரும்பாலும் பிரேக்கின் வகை காரணமாக இருப்பதில்லை. துருவேறிய ஒயரும் இறுகிக் காய்ந்த பிரேக் கட்டையுமே காரணம். உள் ஒயர், வெளிக்குழாய், கட்டைகள் மூன்றையும் மாற்றி, ரிம்மின் பக்கங்களைத் துடைத்தாலே வேறுபாடு தெரியும். கியர் ஒயருக்கான வெளிக்குழாயில் கம்பிகள் நீளவாக்கில் செல்வதால், பிரேக்கின் அழுத்தத்தில் அது வெடித்துவிடக்கூடும். ஆகவே அதை பிரேக்குக்குப் பயன்படுத்தக் கூடாது. கட்டையின் முன்விளிம்பு ரிம்மை ஒரு மயிரிழை முந்தித் தொடும்படி வைத்தால் கிரீச்சொலி குறையும். பக்கங்கள் தேய்ந்து குழிந்த ரிம்மை மாற்றியே ஆக வேண்டும். டயரின் காற்றழுத்தத்தில் அது பிளந்துவிடலாம்.

கேண்டிலீவரிலிருந்து வி-பிரேக்

செலவுக்கு ஏற்ற பலன் தரும் மாற்றம், கேண்டிலீவருக்குப் பதில் வி-பிரேக் பொருத்துவதே. இரண்டு வகைக்கும் பொருத்துமுனை ஒன்றுதான். வி-பிரேக்கின் நீண்ட கைகளை ஒரே ஒயர் பக்கவாட்டில் இழுக்கிறது. டயருக்கு மேலே குறுக்கு ஒயரோ தனித் தாங்கியோ தேவைப்படாது. கேண்டிலீவரில் முதன்மை ஒயர் அறுந்தால் குறுக்கு ஒயர் டயரில் சிக்கிச் சக்கரத்தையே நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. வி-பிரேக்கில் அது இல்லை.

பிரேக்கோடு லீவரையும் மாற்ற வேண்டும் என்பது பலரும் தவறவிடும் செய்தி. வி-பிரேக் லீவர், கேண்டிலீவர் லீவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஒயரை இழுக்கிறது. பழைய லீவரை அப்படியே விட்டால் கட்டை ரிம்மை அழுத்திப் பிடிக்குமுன் லீவர் ஹேண்டில்பாரில் முட்டலாம். வி-பிரேக் லீவரைக் கேண்டிலீவரோடு இணைத்தாலோ, கைக்கு இறுக்கமாகத் தோன்றினாலும் வண்டி எளிதில் நிற்காது. கியர் மாற்றியும் லீவரும் ஒரே உறுப்பாக இருக்கும் வண்டிகளில் இரண்டையும் சேர்த்தே மாற்ற நேரிடும். யு-பிரேக்கின் பொருத்துமுனைகள் ரிம்முக்கு அப்பால் அமைந்திருப்பதால் அங்கே வி-பிரேக் பொருந்தாது.

டிஸ்க் பிரேக்

சேறும் மழையும் டிஸ்க்கை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ரிம் சற்றுக் கோணினாலும் பிடிப்பு குறையாது. ஆனால் இதற்கு டிஸ்க் பொருத்தும் ஹப், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பருக்கான பொருத்துமுனை இரண்டும் வேண்டும். ரிம் பிரேக்குக்காகச் செய்த ஃபிரேமின் பின்பகுதி, ஒரு பக்கத்தில் மட்டும் விழும் டிஸ்க்கின் விசையைத் தாங்கும்படி அமைக்கப்பட்டதன்று. பிற்சேர்க்கையாகப் பற்றவைத்தால் உலோகம் வலுவிழக்கக்கூடும்.

இதற்கு நடைமுறையில் உள்ள மாற்று, டிஸ்க் பொருத்துமுனை கொண்ட ஃபோர்க்கை மாட்டி முன்சக்கரத்துக்கு மட்டும் டிஸ்க் வைத்து, பின்னால் வி-பிரேக்கையே விட்டுவிடுவது. பிரேக் பிடிக்கையில் எடை முன்னோக்கிச் சாய்வதால் வண்டியை நிறுத்துவதில் முன்பிரேக்கின் பங்கே அதிகம். புதிய ஃபோர்க்கின் உயரம் பழையதை ஒத்திருக்க வேண்டும். சுமார் 20 மில்லிமீட்டர் கூடினால் தலைக்குழாயின் சாய்வு ஏறத்தாழ 1 பாகை மாறி, வண்டி திரும்பும் விதமும் மாறிவிடும்.

ஒயரால் இயங்கும் மலை மிதிவண்டி டிஸ்க் காலிப்பர்களில் பெரும்பாலானவை வி-பிரேக் லீவரோடு இயங்கும். ஹைட்ராலிக் வகைக்குத் தனி லீவர் உண்டு. ஷிமானோவும் மகுராவும் கனிம எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. வேறு சில பிரேக்குகளுக்கு டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம் வேண்டும். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பான்கள் கெட்டுவிடும். டிஸ்க் முனை இல்லாத ஃபிரேமுக்கு, கேண்டிலீவர் முனைகளிலேயே பொருந்தும் மகுராவின் ஹைட்ராலிக் ரிம் பிரேக் இன்னொரு வழி.

புதிய டிஸ்க்கும் கட்டையும் உடனே முழுத் திறனில் பிடிப்பதில்லை. மிதமான வேகத்தில் ஓட்டி, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி படிப்படியாக வேகம் குறைப்பதைப் பலமுறை செய்த பிறகே கட்டையின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிந்து பிடிப்பு முழுமையடைகிறது.