குதிகால் நாணும் பொறுமையும்

குதிகால் வலித்தால் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்று நம் தோட்டப்புறங்களில் கூறுவது வழக்கம். உண்மையில் அது நரம்பன்று. கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தசைநாண். நம் உடலின் தசைநாண்களுள் தடித்ததும் வலிமை மிக்கதும் இதுவே. எனினும், ஒருமுறை பழுதுற்றால் மீண்டும் மீண்டும் பழுதுறும் இயல்புடையது. இதன் சிகிச்சை வரலாற்றை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருத்தல் நன்று.

கிரேக்க வீரன் அக்கிலீஸைக் குழந்தைப் பருவத்தில் அவன் தாய் குதிகாலைப் பிடித்துக்கொண்டு ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்தாள் என்றும், நீர் படாத அக்குதிகாலே அவனுக்கு எமனாயிற்று என்றும் கதை உண்டு. 1693-இல், இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த உடற்கூற்று அறிஞர் பிலிப் வெர்ஹெயன் இத்தசைநாணை அவ்வீரன் பெயரால் குறித்தார்.

ஓய்வு, மாவுக்கட்டு, அறுவை ஆகியனவே நெடுங்காலம் இதற்கு மருந்தாக இருந்தன. ஓய்வில் வலி தணியும். ஆனால் நாண் வலுப்பெறாது. இரத்த ஓட்டம் குறைந்த பகுதியாதலால் அது மெல்லவே ஆறும். வலி நின்றதும் ஓடத் தொடங்குபவர் பழைய காயத்தையே புதுப்பித்துக்கொள்கிறார்.

1998-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹாகான் அல்பிரெட்சன் வேறு வழி காட்டினார். நெடுநாள் வலியுற்ற 15 ஓட்டக்காரர்கள், படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியை நாளொன்றுக்கு 180 முறை, 12 வாரங்கள் செய்தனர். 15 பேரும் மீண்டும் ஓடினர். அறுந்த நாணுக்கும் இக்கருத்து பொருந்தியது. 2010-இல் வெளிவந்த கனடா ஆய்வில் 144 பேர் பங்கேற்றனர். இரு சாராருக்கும் தொடக்கத்திலேயே பயிற்சி அளிக்கப்பட்டது. அறுவை செய்துகொண்டோரில் இருவருக்கும் செய்யாதோரில் மூவருக்கும் மட்டுமே நாண் மீண்டும் அறுந்தது.

சீனத் தடை ஓட்ட வீரர் லியூ சியாங் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இவ்வலியால் விலகினார். அறுவைக்குப் பின் 2010-இல் ஆசியத் தங்கம் வென்றும், 2012 லண்டனில் முதல் தடையிலேயே நாண் அறுந்து வீழ்ந்தார். இந்தியப் பந்து வீச்சாளர் முகமது ஷமி 2024 பிப்ரவரியில் அறுவை செய்துகொண்டு, நவம்பரில்தான் களம் திரும்பினார்.

வளரும் பிள்ளைகளின் குதிகால் வலியோ பெரும்பாலும் நாணால் வருவதன்று. எலும்பின் வளர்ச்சிப் பகுதியை நாண் இழுப்பதால் வருவது. 1912-இல் மருத்துவர் ஜேம்ஸ் சீவர் இதனை விளக்கினார். ஓட்டத்தையும் தாவலையும் குறைத்தால் வலி தணியும். வளர்ச்சி முடிந்ததும் நீங்கும். பெரியவர்களுக்குரிய பயிற்சியை நாமே பிள்ளைகளுக்குத் தருதல் ஆகாது. நொண்டும் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புவதே முறை. மாவட்டப் போட்டி அடுத்த ஆண்டும் வரும். 'பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு' என்று சொல்லும் முன், அப்பிள்ளைக்கு இன்னும் ஓட வேண்டிய ஆண்டுகள் எத்தனை என்பதை எண்ணிப் பார்ப்போமாக.