சிஎஸ்ஐ சர்ச் உருவானது எப்படி? பிரிந்திருந்த சபைகள் ஒன்றான கதை

நம்ம ஊர்களில் 'சிஎஸ்ஐ சர்ச்' என்ற போர்டை அடிக்கடி பார்த்திருப்போம். சிஎஸ்ஐ என்றால் தென்னிந்தியத் திருச்சபை. ஆனால் 1947-க்கு முன்பு இந்தப் பெயரில் ஒரு சபையே கிடையாது. பிறகு எப்படி வந்தது?

அதற்கு முன்பு என்ன நிலைமை?

வெளிநாட்டு மிஷன்கள் ஏரியா பிரித்து வேலை செய்தன. திருநெல்வேலி ஆங்கிலிக்கன் வசம். நாகர்கோவில் லண்டன் மிஷன் வசம். மதுரையில் 1834 முதல் அமெரிக்கன் மிஷன். வேலூர் பக்கம் அமெரிக்க ரிஃபார்ம்டு சபையின் ஆற்காடு மிஷன்.

அதாவது, ஒருவர் எந்தச் சபை என்பதைப் பெரும்பாலும் அவர் பிறந்த ஊரே முடிவு செய்தது. நாகர்கோவில் பெண் பாளையங்கோட்டைக்குக் கல்யாணமாகிப் போனால், அதே பைபிள்தான். ஆனால் சபை வேறு. பேராயர் கையால் திடப்படுத்தல் பெறாதவர்களுக்கு ஆங்கிலிக்கன் விதிப்படி திருவிருந்து கிடையாது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த சண்டையை நாம ஏன் சுமக்கணும் என்ற கேள்வி இங்கே எழுந்தது.

தரங்கம்பாடியில் என்ன நடந்தது?

1919 மே மாதம் 33 போதகர்கள் தரங்கம்பாடியில் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். முன்னணியில் நின்றவர் வி.எஸ்.அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 'ஒன்றாக வேண்டும்' என்று அவர்கள் விட்ட அறிக்கைதான் ஆரம்பப் புள்ளி.

பிறகு ஏன் 28 வருஷம் ஆனது?

சிக்கல் ஒன்றுதான்: யார் கொடுத்த குருப்பட்டம் செல்லும்? பேராயர் கை வைத்துக் கொடுத்தால்தான் செல்லும் என்றது ஆங்கிலிக்கன் தரப்பு. பேராயர் என்ற பதவியே இல்லாமல் இயங்கியவை மற்ற சபைகள். அவர்களது போதகர்களுக்கு மறுபடி பட்டம் கொடுத்தால், 'இதுவரை நீங்கள் செய்த ஊழியம் செல்லாது' என்று சொன்னதாகிவிடும்.

கடைசியில் கிடைத்த தீர்வு இது: ஏற்கெனவே இருக்கும் எல்லாப் போதகர்களையும் அப்படியே ஏற்பது. புதிதாக வருபவர்களுக்கு மட்டும் பேராயர் பட்டம் கொடுப்பது. 30 வருஷம் இப்படியே போகட்டும், பிறகு பார்க்கலாம். விரும்பாத போதகரை எந்தச் சபை மீதும் திணிப்பதில்லை என்ற உறுதியும் தரப்பட்டது.

எப்போது ஒன்றானார்கள்?

1947 செப்டம்பர் 27. சுதந்திரம் கிடைத்து ஆறே வாரம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் இணைந்தன. இதில் ஐக்கிய சபை என்பதே பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் பிரிவுகள் 1908-ல் சேர்ந்து உருவாக்கியது. அசரியா இதைப் பார்க்கவில்லை, 1945-ல் இறந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தின் அமெரிக்கன் மிஷன் சபைகளும் இதில் சேர்ந்தன. அதனால்தான் இலங்கையிலும் ஒரு 'தென்னிந்திய' பேராயம் இருக்கிறது.

எல்லோரும் சேர்ந்தார்களா?

இல்லை. கூட்டம் நடந்த தரங்கம்பாடியின் லுத்தரன் சபை இன்றும் தனியாக டிஇஎல்சி என்று இயங்குகிறது. ஆந்திராவின் நந்தியாலில் பல ஆங்கிலிக்கன்கள் மறுத்து, 1975-ல்தான் இணைந்தார்கள். அதே நந்தியாலுக்குத்தான் 2013-ல் சிஎஸ்ஐ-யின் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா வந்தார்.

விலையும் இருந்தது. இணைந்த நான்கு ஆங்கிலிக்கன் மண்டலங்கள் தங்கள் தாய்ச் சபையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1948-ல் லண்டனில் கூடிய உலக ஆங்கிலிக்கன் பேராயர்களிடையே, புதிய சபையின் குருப்பட்டத்தை ஏற்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பல வருஷம் கழித்துத்தான் முழு உறவு வந்தது.

இன்றும் அடையாளம் தெரியுமா?

தெரியும். சென்னையில் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் (1680) ஆங்கிலிக்கன் கட்டியது. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் (1821) ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டியது. ராயப்பேட்டை வெஸ்லி சர்ச் மெதடிஸ்ட். இன்று மூன்றும் சிஎஸ்ஐ. அடுத்த முறை சர்ச் வாசலில் இருக்கும் பழைய கல்வெட்டைப் பாருங்கள். உங்கள் ஊர் சர்ச் எந்த வழியாக வந்தது என்று அது சொல்லும்.