கோனாயின் உள்ளங்கை

வங்காளத்தில் ஜங்கிப்பூர், 1858 ஜூலை மாதம். சாலைக்குச் சரளை கொடுக்க ஒத்துக்கொண்ட ராஜ்யதர் கோனாய், ஒப்பந்தத்தைத் தன் கைப்படவே வங்க மொழியில் எழுதிக் கையெழுத்துப் போடப் போனார். அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் தடுத்தார். அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையை எடுத்துக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, தாளின் பின்பக்கம் அழுத்தச் செய்தார். ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று நாளை இந்த ஆள் சாதிக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். எழுதத் தெரியாதவரைக் ‘கைநாட்டு’ என்று நாம் இளக்காரமாகச் சொல்கிறோம். புகழ்பெற்ற இந்த முதல் கைநாட்டை வைத்தவரோ நன்றாக எழுதத் தெரிந்தவர்.

ஹெர்ஷல் தன் கையையும் பதித்துப் பார்த்தார். இருவரும் கைரேகை ஜோசியம் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். ஜோசியர் பார்ப்பது கை மடங்கும் இடத்து மடிப்புகளை. தாளில் ஏறிய விஷயம் வேறு: உழுத வயல் போல உள்ளங்கை முழுக்க ஓடும் மெல்லிய வரிமேடுகள்.

அந்த வரிகள் கோனாயின் தாய் வயிற்றில் உழப்பட்டவை. கருவின் ஏழாவது வாரத்தை ஒட்டி, விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் சிறு திண்டுகள் புடைக்கும். கை வளர வளர அவை அமுங்கும். பத்து, பதினோராம் வாரத்தில் மேல்தோலின் அடியடுக்கு மடிந்து வரிகள் தொடங்கும். ஒரே இடத்திலிருந்து அல்ல, பல இடங்களிலிருந்து அலை அலையாய் வரும். மூன்று அலைகள் முட்டும் இடத்தில் ஒரு முச்சந்தி உண்டாகும். சுட்டுவிரல் முதல் சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றின் அடியிலும் பெரும்பாலும் ஒன்று; மணிக்கட்டின் பக்கம் இன்னொன்று. ஐந்தாம் மாதத்துக்குள் வேலை முடிந்துவிடும். அப்புறம் கை பெரிதாகும், கோலம் மாறாது.

திண்டு எவ்வளவு புடைக்கும், எப்போது அமுங்கும் என்பதில் அப்பா அம்மா கொடுத்த மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. முச்சந்திகளுக்கு இடையே எத்தனை வரி என்று எண்ணினால் குடும்பச் சாயல் தெரிவது அதனால்தான். ஆனால் ஒரு வரி எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்பது அந்தந்த நொடியின் தற்செயல். ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கு எண்ணிக்கை நெருங்கி வரும், நுணுக்கம் ஒட்டாது. இதைச் சோதிக்க இரட்டையரைத் தேட வேண்டியதுகூட இல்லை. உங்கள் இரண்டு கைக்கும் மரபணு ஒன்று, கருப்பை ஒன்று, நாளும் ஒன்று. இரண்டையும் கூப்பிப் பிரித்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் ஏறக்குறைய எதிரெதிராக இருக்கும். அந்த ‘ஏறக்குறைய’வுக்குள்தான் தற்செயல் உட்கார்ந்திருக்கிறது.

கோனாயின் கைக்குப் பிறகு நடந்தது விசித்திரம். உள்ளங்கை வழியில் கழன்று விழுந்துவிட்டது. ஹெர்ஷல் விரல்களோடு நிறுத்திக்கொண்டார். 1877-ல் ஹூக்ளியில் ஓய்வூதியக்காரர்களிடமும் பத்திரம் பதிய வந்தவர்களிடமும் வாங்கியது விரலச்சுதான். அவர் கொடுத்த பழைய அச்சுகளைக் கொண்டு, வரிகள் ஆயுளுக்கும் மாறாதவை என்று ஆங்கிலேய அறிஞர் கால்டன் 1892-ல் புத்தகம் போட்டார். வரிகளில் இன அடையாளம் இருக்கும் என்று ஆசையோடு தேடியவர் அவர்; கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது அவருக்குப் பெருமை. 1897-ல் கல்கத்தாவில் விரலச்சு அலுவலகம் வந்தது. வகைப்படுத்தும் முறையை உருவாக்கப் பாடுபட்டவர்கள் அஜிஜுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். முறைக்குப் பெயர் என்னவோ மேலதிகாரி ஹென்றியுடையது.

உள்ளங்கை திரும்பி வந்தது மருத்துவத்தின் வழியாக. அமெரிக்காவில் ஹரால்ட் கம்மின்ஸ் 1926-ல் இந்த வரிகளின் படிப்புக்கே தனிப்பெயர் சூட்டினார். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் உள்ளங்கையில் மணிக்கட்டுப் பக்கத்து முச்சந்தி பெரும்பாலும் விரல்களை நோக்கி மேலேறி நிற்பது தெரியவந்தது. லண்டனில் மரபியலாளர் பென்ரோஸ் அந்த ஏற்றத்தைக் கோணமாக அளந்தார், அதுவும் கால்டன் பெயரிலேயே இருந்த ஆய்வகத்தில். அந்தக் குழந்தைகளுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல் என்று 1959-ல்தான் உலகம் அறிந்தது. அதற்கு முன்பே உள்ளங்கை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

ஜங்கிப்பூர்த் தாள் ஹெர்ஷலிடமே இருந்தது. 1916-ல், எண்பத்து மூன்று வயதில், அவர் வெளியிட்ட சிறு நூலில் கோனாயின் கை அச்சேறியது. இருப்பது ஒரு கைதான். மறு கையைப் பதிக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. முச்சந்திகள் எந்தப் பக்கம், எத்தனை வரி என்று அதை ஓரளவு ஊகிக்கலாம். எந்த வரி எங்கே கிளை பிரிந்தது என்பது கோனாயோடு போய்விட்டது.