நக்கவாரம் கடந்து நாளந்தாவுக்கு: தீவுகளில் சமஸ்கிருத உயர்கல்வி குறித்து

கி.பி. 671-இல் குவாங்சோவில் கப்பலேறிய சீனத் துறவி இத்சிங் நேரே நாளந்தாவுக்குப் போகவில்லை. சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பின்னர்க் கடாரத்திலிருந்து (கெடா) வடக்கே பத்து நாளுக்கு மேல் பயணம் செய்து, ஆடையணியாத மக்கள் வாழும் நாட்டை அடைந்ததாக எழுதுகிறார். தென்னையும் கமுகும் அடர்ந்த அக்கரையிலிருந்து மக்கள் படகுகளில் வந்து, தேங்காய் கொடுத்து இரும்பு கேட்டனர். இரு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய். இது நிக்கோபாரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. 673-இல் அவர் வங்கக் கரைத் துறைமுகமான தாமிரலிப்தி சேர்ந்தார். அங்கும் மொழிப் படிப்பைத் தொடர்ந்த பிறகே நாளந்தாவில் பத்தாண்டுகள் பயின்றார்.

இந்தப் பயணத்தைப் பௌத்த வரலாற்றின் ஒரு பக்கமாகவே படித்துவருகிறோம். கல்வி வரலாறாகவும் அதைப் படிக்க வேண்டும். ஆறு வயதில் எழுத்து, எட்டு வயதில் பாணினி சூத்திரம், பதினைந்தில் காசிகை உரை, அதை உணர ஐந்தாண்டு என்று அக்காலப் பாடத்திட்டத்தையே இத்சிங் விவரிக்கிறார். இலக்கணம் கல்லாது இந்தியா வரும் சீனரின் உழைப்பு வீணாகும் என்றும், ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு பயின்றுவிட்டு வருவதே நன்று என்றும் அறிவுரை சொல்கிறார். சமஸ்கிருதம் அவருக்குப் பிறப்பால் வந்த உரிமை அன்று. நூல்களைப் படித்துப் பெயர்ப்பதற்காக, வளர்ந்த பின் இலக்கணத்தின் வழியே ஈட்டிய மொழி அது.

அந்தமான் நிக்கோபாரில் சமஸ்கிருத உயர்கல்விக்கு இடமுண்டா என்ற கேள்விக்கு இங்கிருந்தே விடை தேடலாம் என்பது என் கருத்து. வங்காளமும் தமிழும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் நிக்கோபாரி மொழிகளும் வழங்கும் தீவுகளில் அதை யாருடைய மரபுச் சொத்தாகவும் முன்வைக்க வேண்டியதில்லை. கடல்வழியின் ஆவணங்களைப் படிக்கும் கருவியாக அது கற்பிக்கப்பட வேண்டும். அதுவும் தமிழோடு சேர்ந்து.

ஏன் தமிழோடு? சோழர் ஆவணங்களே சான்று. இராசேந்திர சோழனின் தமிழ் மெய்க்கீர்த்தி, 1025-ஐ ஒட்டிய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களை அடுக்கும்போது மாநக்கவாரத்தையும் (நிக்கோபார்) சொல்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் சமஸ்கிருதப் பகுதியோ கடாரம் வென்ற செய்தியைச் சுருங்கச் சொல்லி மேலே சென்றுவிடுகிறது. அந்தப் பட்டியல் அதில் இல்லை. ஆனைமங்கலச் செப்பேடுகளில் நிலைமை மாறுகிறது. இருபத்தொரு ஏடுகளில் ஐந்து சமஸ்கிருதம், பதினாறு தமிழ். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊர் அளிக்கப்பட்ட செய்தியில், எல்லைகளையும் வரிகளையும் தமிழ்ப் பகுதி விரிவாகத் தருகிறது. விகாரம் எடுப்பித்தவனைக் கிடாரத்தரையன் (கடாரத்து அரசன்) என்கிறது. ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் விகாரத்தை எழுப்பினான் என்பதைச் சமஸ்கிருதப் பகுதியிலிருந்தே அறிகிறோம். ஒரு மொழி மட்டும் அறிந்தவர் கையில் இந்த வரலாறு பாதியாகவே நிற்கும்.

தீவுகளின் தலைநகர் போர்ட் பிளேயருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று, ஸ்ரீவிஜயத்தை நினைவூட்டும் பெயர் சூட்டியபின், அந்நகரின் மாணவர்களுக்கு இந்தச் செப்பேடுகளைத் தாமே படிக்கும் தேவை கூடியிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. நிக்கோபாரி மொழிகள் வளரட்டும், பிறகு சமஸ்கிருதம் பற்றிப் பேசலாம் என்பர். அந்தக் கோரிக்கையின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். நிதியும் பணியிடமும் குறைவென்றால் நிக்கோபாரிக்கே முதலிடம். ஆனால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. இத்சிங்கும் சோழர் புலவர்களும் கப்பலிலிருந்தோ அரண்மனையிலிருந்தோ நக்கவாரத்தை எழுதினார்கள். அந்தப் பதிவுகளைக் கேள்விக்கு உட்படுத்தும் தகுதி, அத்தீவின் மண்ணும் மரபும் அறிந்த நிக்கோபாரி ஆய்வாளருக்கே மிகுதி. அவருக்குச் சமஸ்கிருதத்தையும் தமிழையும் மறுப்பது, மற்றவர் எழுதியதை அப்படியே ஏற்கச் சொல்வதாகும்.

வழி எளியதே. 1967-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கிறது. 1985-இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் எல்லையில் இத்தீவுகளும் சேர்க்கப்பட்டன; அப்பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதத் துறை உண்டு. முதலாண்டில் கிரந்த எழுத்தும் கல்வெட்டுத் தமிழும், இரண்டாமாண்டில் அடிப்படை இலக்கணம், மூன்றாமாண்டில் ஆனைமங்கலச் செப்பேட்டின் இரு பகுதிகளையும் ஒருசேரப் படித்தல் என ஒரு விருப்பப்பாடத்தை இவ்விரு நிறுவனங்களும் கூடி வகுக்கலாம். வரலாறும் தமிழும் படிக்கும் மாணவர்களுக்கே முதலில் அதைத் திறந்துவைக்க வேண்டும்.