அஞ்சலில் வந்த பட்டம்

பரீட்சை இல்லை; ஆய்வேடு இல்லை; வீட்டில் இருந்தபடியே இணைய வழியில் பயின்று முதுகலைப் பட்டம் பெறலாம் என்னும் விளம்பரங்கள் இந்நாளில் மலிந்துள்ளன. இவற்றுட் பல வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களைச் சார்ந்தவை. இத்தகைய பட்டத்திற் சாரம் உண்டா, அல்லது அது வெறுங் காகிதந்தானா என்று நம்மவர் கேட்கின்றனர். தலைநகரிற் குடியேறிய தமிழருக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் விவாதம் அன்று. பள்ளிப் படிப்பை முடித்துத் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறி வந்து, மத்திய அரசில் எழுத்தராக அமர்ந்து, உத்தியோகம் பார்த்துக்கொண்டே பட்டம் பெற்றவர் நம்மிடையே பலர். மோதி பாக் போன்ற அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த நம் குடும்பங்களில் அப்பட்டம் பதவி உயர்வுக்கு வழி திறந்தது. தொலைவிலிருந்து பெறும் பட்டம் என்றாலே ஐயம் என்று உலகம் கருதத் தொடங்கினால், இழப்பு முதலில் அத்தகையோரையே சேரும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கு ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் குறிக்கப்படும் இக்குணத்தைத் தமிழில் எங்ஙனம் கூறுவது? ‘கடுமை’ என்றால் அது வினாத்தாளைப் பற்றியதாகிறது. ‘செறிவு’ என்றால் பாடத்தைப் பற்றியது. ‘கண்டிப்பு’ என்றால் ஆசிரியரைப் பற்றியது. இம்மூன்றும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை என்பதற்கு வரலாறே சான்று.

பரீட்சையின்றி முதுகலைப் பட்டம் வழங்குவது இணையம் கண்டுபிடித்த புதுமை அன்று. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பழம்பெரும் பல்கலைக் கழகங்களில் பி.ஏ. தேறியவர், உரிய சில ஆண்டுகள் கழிந்தபின், மேற்கொண்டு ஒரு தேர்வும் எழுதாமல், ஒரு கட்டுரையும் சமர்ப்பிக்காமல் எம்.ஏ. ஆகிவிடுகிறார். இவ்வழக்கம் இன்றும் உள்ளது. அதனைப் போலிப் பட்டம் என்று எவரும் பழிப்பதில்லை. பழமைக்கு உலகம் காட்டும் சலுகை அது!

நம் நாட்டிலோ நிலைமை இதற்கு நேர் மாறாகத் தொடங்கியது. 1836-ல் அமைந்த லண்டன் பல்கலைக் கழகம் தானே பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் மட்டுமே வழங்கியது. கல்லூரியிற் பயிலாதவரும் அத்தேர்வுகளை எழுதலாம் என 1858-ல் கதவு திறந்தது. அந்த லண்டனை முன்மாதிரியாகக் கொண்டே 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் நிறுவப்பெற்றன. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக் கழகம் சோதித்தது. பல்கலைக் கழகங்களே ஆசிரியர்களை நியமித்துக் கற்பிக்க வழிவகுத்த சட்டம் 1904-ல்தான் வந்தது. ஆக, பரீட்சை ஒன்றையே உயிராகக் கொண்ட பட்டங்களை அரை நூற்றாண்டு காலம் நாம் வழங்கினோம். அதனால் அறிவு வளர்ந்ததா, மனப்பாடம் வளர்ந்ததா? 1948-ல் நியமிக்கப்பெற்ற டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக் கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் கூறுக என்றால் தேர்வு முறையைத் திருத்துவதையே கூறுவோம் என்று எழுதியது.

அஞ்சல்வழிக் கல்வி இத்தகைய சூழலிற் பிறந்தது. டாக்டர் டி.எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழுவின் யோசனைப்படி, 1962-ல் தில்லிப் பல்கலைக் கழகம் இந்தியாவிலேயே முதன்முறையாக அஞ்சல்வழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. முதலாண்டில் சேர்ந்தோர் 900 பேர். அச்சிட்ட பாடங்கள் தபாலில் வரும். மாணவர் விடை எழுதி அனுப்புவர். ஆசிரியர் திருத்தித் திருப்புவார். இடையிடையே நேர்முக வகுப்புகளும் நடக்கும். பகலில் அலுவலகம், இரவிற் பாடம் என்று வாழ்ந்தவர்க்கு அது பெரும் வரமாயிற்று.

அத்திட்டத்தை வகுத்தோர் செய்த ஓர் ஏற்பாடு மிகவும் கருதத் தக்கது. அஞ்சல்வழி மாணவருக்கெனத் தனிப் பாடத்திட்டமோ, எளிய பரீட்சையோ அவர்கள் வைக்கவில்லை. கல்லூரி மாணவர் எழுதிய அதே வினாத்தாளை இவர்களும் எழுதினர். “நீ வகுப்பிற் படித்தவன் அல்லவே” என்று எவரேனும் எள்ளினால், “நீ எழுதிய தாளைத்தானே நானும் எழுதினேன்” என்று மறுமொழி கூற அவர்களால் முடிந்தது. வசதியற்றவனுக்குப் பரீட்சை ஒரு சாட்சி. பெரிய கல்லூரியின் பெயரோ, பேராசிரியரின் பரிந்துரையோ இல்லாதவன் அந்தச் சாட்சி ஒன்றையே நம்பி நிற்கிறான். பரீட்சையை எடுத்துவிடுவது மாணவனுக்குச் செய்யும் தயவு என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்நிறுவனம் பின்னர்த் திறந்தநிலைக் கற்றல் பள்ளி எனப் பெயர் மாறியது. அதன் படிப்பு மையங்களுள் ஒன்று தென் மோதி பாக்கில் உள்ளது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றும் மோதி பாக்கில் இருப்பதை நேயர்கள் அறிவர். தமிழ்க் குழந்தை பள்ளி செல்லும் அதே வட்டாரத்தில் அதன் தாயோ தந்தையோ பட்டத்துக்குப் படிக்க வசதி இருப்பது ஒரு சிறப்பே.

தமிழகத்தில் மதுரைப் பல்கலைக் கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979-லும் இவ்வழியைப் பின்பற்றின. அடுத்து வந்தது திறந்தவெளி முறை, பி.ஏ. இன்றியே நேராக எம்.ஏ. சேரலாம் என்றானது. பலர் சேர்ந்தனர், தேர்வெழுதினர், தேறினர். ஆயினும் 2009-ல், ஓர் அரசுப் பதவி பற்றிய வழக்கில், முதற் பட்டம் இல்லாமற் பெற்ற முதுகலைப் பட்டம் அப்பதவிக்குத் தகுதி ஆகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்குப் பரீட்சை இருந்தது, அடித்தளம் இல்லை. 2017-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. சில நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியற் பட்டங்களைப் பற்றியது அது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பெற்றன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் தேறினால் அவை மீளும் என்றனர். அதற்குப் பின் சேர்ந்தவர்க்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. பட்டத்தின் தரத்தில் ஐயம் எழுந்தபோது நீதிமன்றம் நாடியதும் பரீட்சையைத்தான் என்பது கவனிக்கத் தக்கது.

பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வினா வீடுதோறும் நுழைந்தது. 2020 ஆகஸ்டில், கட்டணம் செலுத்திய கல்லூரி மாணவரின் ‘அரியர்’ பாடங்களிலே தேர்வின்றித் தேர்ச்சி அளிக்கப்படும் எனத் தமிழக அரசு அறிவித்ததையும், அதனால் எழுந்த ஆரவாரத்தையும் மறந்திருக்க மாட்டோம். தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க இயலாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2020 செப்டம்பரில் பல்கலைக் கழக மானியக் குழு வெளியிட்ட விதிகளின்படி, நம் நாட்டில் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் மதிப்பெண்ணில் எழுபது விழுக்காட்டுக்குக் குறையாமல் பருவ இறுதித் தேர்வுக்கே உரியது. சென்னை ஐ.ஐ.டி. அதே ஆண்டு தொடங்கிய தரவு அறிவியல் படிப்பிற் பாடங்கள் இணையத்தில் நடக்கின்றன. தேர்வுக்கோ மாணவர் மையத்துக்கு நேரில் வந்து கண்காணிப்பாளர் முன் அமர வேண்டும்.

ஆய்வேட்டைப் பொறுத்தமட்டில் நாம் அவ்வளவு பிடிவாதம் காட்ட மாட்டோம். அது ஆராய்ச்சியிற் புகுவோருக்குத் தேவை, ஏனையோர்க்கு அன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2014-ல் தொடங்கிய இணையவழிக் கணினி அறிவியல் முதுகலைக்கு ஆய்வேடு தேவையில்லை. அதனால் அப்படிப்பு இலேசானது என்று அதிற் பயின்ற எவரும் கூறார். வாரந்தோறும் செய்து ஒப்படைக்க வேண்டிய வேலையே அங்கு மாணவரைப் பிழிந்தெடுக்கிறது.

ஆகவே ஒப்படைப்புகளைக் கொண்டே தரம் காண இயலும். ஆனால் அவற்றை ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். அஞ்சல்வழிக் கல்வியின் உண்மையான வகுப்பறை சிவப்பு மை தோய்ந்து திரும்பி வந்த அந்த விடைத்தாளே. காலப்போக்கில் அதுவே முதலில் நலிந்தது. மாணவர் தொகை பெருகப் பெருகத் திருத்தம் வெறும் மதிப்பெண்ணாகச் சுருங்கியது. விடை எழுதிய ஒப்படைப்புகளைக் கடையில் விலைக்கு வாங்கும் வழக்கமும் தலைநகரில் வேரூன்றியது. இன்று செயற்கை நுண்ணறிவு அக்கடைக்காரனின் பிழைப்பையும் கெடுத்துவிட்டது! எழுதியவர் யார் என்பதே ஐயமாகிவிட்ட இக்காலத்தில், தேர்வும் ஆய்வேடும் இரண்டும் இல்லாத பட்டம் தன் தரத்தை வேறு வகையில் மெய்ப்பிக்க வேண்டும். மாணவரை நேரில் அமர்த்தி, அவர் எழுதியதைப் பற்றி வாய்மொழியாக வினவுவது அத்தகைய ஒரு வகை.

சேர எண்ணுவோர், அப்படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்பதை முதலிற் பார்த்துக்கொள்க. வெளிநாட்டுப் பட்டமாயின் இணைத்தகுதிச் சான்று தனியே பெற வேண்டியிருக்கும். பிறகு, நாம் எழுதுவதை யார் படிப்பார், எத்தனை நாளில் திருப்புவார் என்று கேட்க வேண்டும். சென்ற ஆண்டு சேர்ந்தோருள் எத்தனை பேர் தேறவில்லை என்பதையும் கேட்பது நலம். இதற்கு விளம்பரத் தாளில் விடை இராது. நிறுவனத்துக்கு எழுதித்தான் பெற வேண்டும்.