மடக்குக் கத்தியும் விசைக் கத்தியும்

கத்தியைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அரசர்களின் வரலாற்றைப் படிப்பதற்கு நமக்குப் பாடநூல்கள் உண்டு. அவ்வரசர்களின் இடையில் செருகப்பட்டிருந்த கருவியையோ, உழவனின் மடியில் கிடந்த சிறு கத்தியையோ பற்றிப் பாடநூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் போக்கலாம் என்பதே என் எண்ணம். அலகைப் பிடிக்குள் மடக்கி வைப்பது, பின்னர் ஒரு விசையைத் தட்டியதும் அது தானே வெளிப்படச் செய்வது ஆகிய இரண்டு யோசனைகளும் எவ்வாறு வளர்ந்தன, அவற்றைச் சேகரிப்போர் என்ன கருதினர், அரசாங்கங்கள் என்ன கருதின என்பதை இன்று பார்ப்போம்.

நான் வாழும் பனித்திட்டு, பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த கடற்கரைச் சிற்றூர். எங்கள் ஊர் மீனவர் எவரும் மடக்குக் கத்தியைக் கடலுக்கு எடுத்துச் செல்வதை நான் கண்டதில்லை. மரப்பிடியில் இறுகப் பதித்த சாதாரணக் கத்தியே அவர்களுக்குப் போதும். காரணம் எளியது. மடக்குக் கத்தியின் உயிர் அதன் கீல் ஆணியில் இருக்கிறது. உப்புநீரும் மணலும் அங்கே புகுந்தால் ஆணி துருப்பிடிக்கும். அலகு அசைய மறுக்கும். வலையில் கை சிக்கிக்கொண்ட நேரத்தில் திறக்காத கத்தி இருந்தென்ன, இல்லாமற் போனாலென்ன? ஒரு கருவியை மதிப்பிடுவோர் பலர் இருந்தாலும், முதல் தீர்ப்பு அதைக் கொண்டு உழைப்பவனுடையது என்பதற்காகவே இதைச் சொன்னேன். சேகரிப்போரின் தீர்ப்பு அதற்குப் பின்னரே வருகிறது. சில வேளைகளில் அது நேர் எதிராகவும் இருந்துவிடுகிறது.

மடக்குக் கத்தி புதிய பொருளன்று. ஆஸ்திரியா நாட்டில் ஹால்ஸ்டாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புப் பிடியுள்ள மடக்குக் கத்தி, கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். உரோமானியர் இதில் வல்லவர்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஃபிட்ஸ்வில்லியம் காட்சிசாலையில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வெள்ளிக் கருவி இருக்கிறது. கரண்டி, முள்கரண்டி, ஊசி, இரும்புக் கத்தி யாவும் ஒரே பிடிக்குள் மடங்குமாறு அமைந்தது அது. எங்கள் பகுதியில் அரிக்கமேட்டிற்கு உரோமானியர் பொருள்கள் கப்பலேறி வந்தன என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அத்தகைய வணிகன் ஒருவன் பயணத்துக்கென்று செய்துகொண்ட கருவியாக அதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இப்பழைய கத்திகளில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது பிடியின் இறுக்கம் மட்டுமே. பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில்தான் பிடியின் முதுகுப்புறத்தில் ஒரு தகட்டு வில்லைப் பொருத்தி, அது அலகின் அடியை அழுத்திப் பிடிக்குமாறு செய்தனர். சிறிய மாற்றந்தான். ஆனால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கொல்லர்களை உலகறியச் செய்த மடக்குக் கத்திகளின் உள்ளே இருந்தது அந்த வில்லே. இறகு எழுதுகோலைச் சீவுவதற்குப் பயன்பட்ட சிறு கத்திக்கும் அதே அமைப்பு வந்தது. நாம் இன்றும் ‘பேனாக்கத்தி’ என்கிறோமே, அதில் வரும் பேனா இந்த இறகுப் பேனாதான். இறகு போயிற்று, பெயர் நிலைத்தது.

பிரெஞ்சுக்காரர் இதனைக் ‘கனீஃப்’ என்பர். என் இளமைக் காலத்தில் எங்கள் பகுதி ஊர்களில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற ‘சொல்தா’க்கள் பலர் இருந்தனர். அவர்களுள் ஒரு முதியவரை நாங்கள் சொல்தா தாத்தா என்றே அழைப்போம். மரப்பிடியுள்ள பிரெஞ்சு மடக்குக் கத்தி ஒன்று அவரிடம் இருந்தது. அலகைத் திறந்து, கழுத்திலுள்ள உலோக வளையத்தைச் சற்றே திருப்பினால் அது பூட்டிக்கொள்ளும். “இந்த வளையம் இல்லாத கத்தியைத்தான் என் தகப்பனார் காலத்தில் வைத்திருந்தார்கள், தம்பி, விரலை மடக்கிக்கொண்டு வெட்டிவிடும்” என்பார். அவர் கூறியது வரலாற்றோடு பொருந்துகிறது. சவுவா மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் அவ்வகைக் கத்தியை உருவாக்கினார். பூட்டு வளையம் அதில் சேர்ந்தது 1955-இல். அறுபத்தைந்து ஆண்டுகள் உழவரும் இடையரும் பயன்படுத்திய பின்னரே அந்த ஒரு வளையம் பிறந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. தாத்தா அக்கத்தியால் பலாச்சுளை எடுப்பார், கயிறறுப்பார், எங்களுக்குப் பம்பரத்துக்கு ஆணி முனை சீவித் தருவார்.

இனி விசைக்கு வருவோம். இயந்திர நுட்பத்தால் விரியும் அலகு மேனாட்டார் மட்டுமே கண்டது என்று நினைத்துவிடலாகாது. நம் நாட்டில் கட்டாரி என்றொரு குத்துவாள் உண்டு. அதன் பிடி மற்றக் கத்திகளின் பிடியைப் போன்றதன்று. இரண்டு நீண்ட கம்பிகளுக்கிடையே குறுக்குக் கம்பிகள் இரண்டு இருக்கும். அவற்றைக் கைமுட்டிக்குள் பற்றிக் குத்தவேண்டும். முழங்கையின் வலிமை முழுவதும் அலகின் நுனியில் இறங்கும். இரும்பு வளையச் சட்டையைத் துளைப்பதற்கென்றே நுனியைத் தடிப்பாக அடித்தனர்.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இக்கட்டாரியிலேயே ஒரு விசித்திர வகை தோன்றியது. குறுக்குக் கம்பிகள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், அலகு கத்தரிக்கோல்போல் இரண்டாகப் பிளந்து விரியும். அதனுள்ளிருந்து மூன்றாவதாக ஒரு சிறு அலகு வெளிப்படும். இந்தியப் படைக்கலங்களைப் பற்றி 1880-இல் விளக்க நூல் வெளியிட்ட எகர்ட்டன் பிரபு, 1934-இல் உலகப் படைக்கலங்களுக்கு ஓர் அகராதியே தொகுத்த அமெரிக்கரான ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் போன்ற பெருஞ்சேகரிப்பாளர்களின் காலம் முதல் இத்தகைய கட்டாரிகளுக்குத் தனிக் கிராக்கி. இதன் பயன் யாது என்பதில் சேகரிப்போரிடையே ஒருமித்த கருத்தில்லை. உடலுக்குள் பாய்ந்த பின் விரித்துக் காயத்தைப் பெரிதாக்குவதற்கே என்பர் ஒரு சாரார். விரிந்த கவையில் எதிரியின் வாளைத் தாங்கிப் பிடிப்பதற்கு என்பர் வேறு சிலர். போருக்கே உரியதன்று, கொல்லன் தன் திறத்தைக் காட்டவும் அரசன் தன் விருந்தினரை வியக்கவைக்கவும் செய்தது என்பது மற்றொரு கட்சி.

நான் மூன்றாம் கட்சியைச் சேர்ந்தவன். உள்ளே ஓர் அலகை ஒளித்துவைக்க வேண்டுமானால் வெளி அலகுகளை உட்குடைவாகச் செய்தாக வேண்டும். வளையச் சட்டையைத் துளைக்கப் பிறந்த கருவியை உட்குடைவாக்கினால் அதன் உயிர்நிலையே போய்விடுகிறது. அன்றியும், குத்திய நிலையில் சதையின் இறுக்கத்தை எதிர்த்து வெறும் விரல் வலிமையால் இரண்டு அலகுகளை விரிப்பது எளிதன்று. வீட்டில் கத்தரிக்கோலை ஈரமண்ணில் செருகி, பிறகு விரித்துப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

சேகரிப்பாளரின் கண் எவ்வளவு வேண்டியது, எவ்வளவு ஆபத்தானது என்பதற்குத் தஞ்சாவூர் சாட்சி. தஞ்சை மராட்டிய அரசர்களுள் கடைசியானவராகிய இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். அரண்மனையின் ஆயுதசாலை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1863-ஐ ஒட்டி அவ்வாயுதங்களைத் தரம் பிரித்தனர். சென்னைக் காட்சிசாலைக்கென்று சிறந்தவற்றைப் பொறுக்கி எடுத்தனர். எஞ்சியவற்றையோ உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றனர்! சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி இச்செய்தியை 1878-இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் இதழில் எழுதியிருக்கிறார். கட்டாரிகள் பலவற்றின் அலகுகள் ஐரோப்பாவில் அடிக்கப்பட்டவை என்பதையும் அங்குக் காண்கிறோம். கடல் கடந்து வந்த வாளலகை வெட்டிக் குறுக்கி, யாளி முகமும் கைக்கவசமும் உள்ள தஞ்சைப் பிடியில் பொருத்தியிருக்கின்றனர். கலைத்திறன் மிக்க பிடி என்றால் காட்சிசாலைக்கு. சாதாரணச் சிப்பாயின் கட்டாரி என்றால் உலைக்களத்துக்கு. இன்று ஒரு வரலாற்று மாணவன் சாதாரணச் சிப்பாய் எதை ஏந்தினான் என்று அறிய விரும்பினால், அந்தப் பழைய இரும்புக் குவியல் அல்லவா வேண்டும்? பொறுக்கியெடுத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அழகை மட்டுமே அளவுகோலாகக் கொண்டார்கள்.

பொத்தானை அழுத்தியதும் சுருள்வில்லின் விசையால் அலகு பாய்ந்து திறக்கும் கத்தியைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யும் வழியை அமெரிக்காவில் ஜார்ஜ் ஷ்ரேட் 1892-இல் உரிமைப் பதிவு செய்தார். ஒரு கையால் திறக்கலாம் என்பதே அதன் சிறப்பு. இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து குதித்த அமெரிக்க வீரர்களுக்கு இவ்வகைக் கத்தி வழங்கப்பட்டது. மரத்தில் சிக்கித் தொங்குபவனுக்கு ஒரு கைதானே ஓய்வாக இருக்கும்? மறு கையால் கயிற்றை அறுத்துக்கொள்ள வேண்டும். போர் முடிந்த சில ஆண்டுகளில் இதே கத்தி தெருச் சண்டை இளைஞரின் சின்னமாகத் திரைப்படங்களில் தோன்றியது. பத்திரிகைகள் கூக்குரலிட்டன. 1958-இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இதனை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. அச்சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: ஒரே கை உடையவர் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள விசைக் கத்தியை வைத்துக்கொள்ளலாம். சட்டம் எழுதியவர்கள் கத்தியின் உண்மைப் பயனை மறந்துவிடவில்லை என்பதற்கு இவ்வொரு வரி போதும்.

இன்று அமெரிக்கச் சேகரிப்போர் நடுவே மிகுதியாகப் பேசப்படுவது, அலகு பக்கவாட்டில் மடங்காமல் பிடியின் முன்வாயிலிருந்து நேராகப் பாய்ந்து, அதே பொத்தானால் உள்ளே திரும்பும் வகையாகும். புதிய அமைப்பு ஒன்று வெளிவந்தவுடன் அவர்கள் பார்ப்பது, திறந்த அலகை விரலால் அசைத்தால் ஆடுகிறதா என்பதை. சற்றே ஆடினும் குறை கூறுவோர் உளர். ஆனால் அமைப்பை அறிந்தவர்கள் வேறு விதமாகச் சொல்வர். இருவழியிலும் இயங்கும் கத்தியில் சுருள்வில் அலகைச் சிறிது தூரம் உந்திவிட்டு நின்றுவிடுகிறது. எஞ்சிய தூரத்தை அலகு தன் வேகத்தாலேயே கடந்து பூட்டில் விழுகிறது. வழியில் உராய்வு மிகுந்தால் அலகு பூட்டை எட்டாமல் நடுவில் நின்றுவிடும். ஆகவே இம்மி ஆட்டம் இருந்தே தீரவேண்டும். ஆட்டமே இல்லாத கத்தி வேண்டுமென்பவர் பனித்திட்டு மீனவரைப்போல் மடங்காத கத்தியை வாங்கிக்கொள்வதே முறை. வாங்கிய கத்தியால் ஒரு நூலைக்கூட அறுக்காமல் பஞ்சணைப் பேழையில் வைத்துப் பூட்டுவோரும் அவர்களுள் உண்டு. கட்டாரியை விரித்துக் காட்டிய சிற்றரசனின் வழித்தோன்றல்கள் என்று அவர்களைக் கொள்ளலாம்!

நம் நாட்டு மடக்குக் கத்திக்குப் பெயர்பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்து இராம்பூர். 1774-இல் ஃபைசுல்லா கான் நிறுவிய சமஸ்தானம் அது. நவாபுகளின் ஆட்சியில் அங்குக் கத்தித் தொழில் தழைத்தது. இராம்பூர்க் கத்தியில் ஒரு வகைக்கு ‘கராரிதார்’ என்று பெயர். அலகின் அடியில் வரிசையாகப் பல் வெட்டியிருப்பர். திறக்கும்போது முதுகுத் தகட்டு வில் ஒவ்வொரு பல்லிலும் விழுந்தெழுந்து ‘கடகட’வென ஒலிக்கும். ஸ்பெயின் நாட்டு நவாஹா என்னும் மடக்குக் கத்தியிலும் இதே ஒலி உண்டு. பொத்தானால் திறப்பது ‘பட்டன்தார்’. இந்தித் திரைப்படங்கள் இக்கத்தியைப் போக்கிரியின் கையில் கொடுத்து நாடெங்கும் அறியச் செய்தன; கொல்லர்களின் கெட்ட காலமும் அங்கிருந்தே தொடங்கியது எனலாம். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. தில்லியில் 1980-ஆம் ஆண்டின் அறிவிக்கை ஒன்று, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ள அலகுடைய விசைக் கத்தி, கராரிதார், பட்டன்தார் ஆகியவற்றைப் பெயர் குறித்தே தடுத்தது. கொல்லர் பட்டறையின் சொற்கள் அரசிதழில் ஏறிய விதம் இது. 1990-களில் உத்தரப் பிரதேசத்திலும் நீண்ட அலகுக்குத் தடை வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பல் வெட்டிய கைகள் வேறு வேலை தேடின.

2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராம்பூர் நகரில் ஒரு நாற்சந்தியில் இருபதடி நீளமுள்ள கத்தி ஒன்றை நினைவுச் சின்னமாக நிறுவியிருக்கிறார்கள். அதைக் காணவருவோர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வூரில் இன்னும் கத்தி செய்வோர் சிலரே. நான்கு விரற்கடை நீளமுள்ள சிறு கத்திகளைச் செய்து, அவற்றிலும் அந்தப் பற்களை அரத்தால் ஒவ்வொன்றாக வெட்டுகிறார்கள்.